கல்வீடும் கேத்திரகணிதமும்

உரும்பிராய்ச் சட்டத்தரணி ஒருவர்

நிலம் பறிபோகிறது, எல்லை நகர்கிறது என்று மேடைதோறும் முழங்கி வருகிறோம். முழங்க வேண்டியது நம் கடமையே. ஆனால் ஒன்று கேட்கிறேன். நம் நிலத்தை அளக்கவும், அளந்ததைத் தாளிலே வரையவும், பிறர் வரைந்ததைப் படித்துச் சரிபிழை கூறவும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேருக்குத் தெரியும்? க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதம் கட்டாய பாடம். இணைகரத்தின் எதிர்ப்பக்கங்கள் சமம் என்னும் தேற்றத்தை வரி பிசகாது நிறுவிக் காட்டும் பிள்ளைகள் ஊர்தோறும் உளர். அத்தகைய பிள்ளையொன்றின் கையில் அதன் வீட்டுக் காணி உறுதியோடு இணைந்த நில அளவைப் படத்தைக் கொடுத்து, வடக்கெல்லை எது, அதன் நீளம் எத்தனை அடி என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை தந்தையின் முகத்தைப் பார்க்கும். தந்தை சட்டத்தரணியின் முகத்தைப் பார்ப்பார். சட்டத்தரணிகளுள்ளும் சிலர் நில அளவையாளரின் முகத்தைப் பார்ப்பதுண்டு என்பதை நம் தொழிலின் இரகசியமாகவே வைத்துக்கொள்வோம்.

கேத்திரம் என்ற சொல்லுக்கு வயல், நிலம் என்பது பொருள். கிரேக்கர் இக்கலைக்கு இட்ட பெயருக்கும் நிலத்தை அளத்தல் என்பதே பொருள். பெயரிலேயே மண்ணைச் சுமந்து நிற்கும் கலையை மண் படாத பாடமாக்கியது நமது கல்விமுறை.

நான் வேண்டுவது இதுதான். ஒன்பதாம் பத்தாம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் ஓராண்டுக் காலத்துள் ஒரு வீட்டைத் திட்டமிட வேண்டும். குறித்த ஒரு காணித்துண்டில், குறித்த ஒரு தொகைக்குள். காணியை அவர்களே அளக்க வேண்டும். விலைகளை அவர்களே கடைகடையாக ஏறி விசாரிக்க வேண்டும். அளவிடைப் படம், அட்டையாலான மாதிரி, செலவுக் கணக்கு ஆகிய மூன்றையும் வகுப்பின் முன் வைத்து, எழும் கேள்விகளுக்கு விடையிறுக்க வேண்டும். கேத்திரகணிதத்தின் பெரும்பகுதியை இவ்வேலையினூடாகவே கற்பித்துவிடலாம்.

அரசியற் பத்திரிகையிலே இதற்கென்ன இடம் என்பார் உளர். அவர்களுக்குப் பொருத்து வீட்டின் கதையை நினைவூட்டுகிறேன்.

பொருத்து வீடும் பொருந்தாக் கணக்கும்

2016ஆம் ஆண்டிலே, டி. எம். சுவாமிநாதன் மீள்குடியேற்ற அமைச்சராயிருந்த காலத்தில், வடக்குக் கிழக்கு மக்களுக்கு 65,000 பொருத்து வீடுகள் அமைக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. ஆர்செலர் மிட்டல் என்னும் பன்னாட்டு உருக்குக் கம்பனியின் வீடு அது. ஒன்றின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. அதே காலத்தில் கல்வீடு கட்டுவதற்கு அரசு வழங்கிய உதவித்தொகை 8 இலட்சம். பெருக்கிப் பாருங்கள்: பொருத்து வீடுகளுக்கு மொத்தம் 13,650 கோடி ரூபா. அத்தொகையை 8 இலட்சத்தால் வகுத்தால் 1,70,000இற்கு மேற்பட்ட கல்வீடுகள் வருகின்றன. இதற்கு ஆறாம் வகுப்புக் கணக்கே போதும்.

அத்திட்டத்துக்கு எதிராக மேடையில் எழுந்த முழக்கத்தைவிட, படத்தை மேசையில் விரித்து வைத்து எழுப்பப்பட்ட கேள்விகளே வலுவாயிருந்தன. அடித்தளம் போதுமா? எரிக்கும் வெயிலில் உருக்குச் சுவருக்குள்ளே குடியிருப்பது எப்படி? விறகடுப்பு மூட்டும் குடும்பத்துக்குப் புகைபோக்கியுடன் கூடிய குசினி எங்கே? பொறியியலாளரும் பொதுவாழ்வில் உள்ளோரும் இக்கேள்விகளைக் கேட்டனர். 65,000 என்ற அளவில் அத்திட்டம் நிறைவேறவில்லை. நல்லது. ஆனால் அந்த வீடுகளுக்கு விண்ணப்பித்தவர்களும் ஆயிரமாயிரம் பேர். தகரக் கொட்டகையிலே மழையில் நனைந்தவன் எந்தக் கூரையைக் கண்டாலும் கையை நீட்டுவான். அவனைக் குறை கூறேன். எனினும் அவன் சார்பில் கேள்வி கேட்டவர் கொழும்பிலும் மொறட்டுவையிலும் படித்தவர்களாயிருந்தனர். கேள்வியை அவனே கேட்டிருந்தால் அத்திட்டம் அமைச்சரவையை எட்டியிருக்குமா?

இதற்கு மறுபக்கமும் உண்டு. இந்திய அரசின் நன்கொடையில், உரிமையாளரே முன்னின்று கட்டிக்கொள்ளும் முறையிலே, 2012 முதல் வடக்குக் கிழக்கில் பல்லாயிரம் வீடுகள் எழுந்தன. வீடொன்றுக்கு 5½ இலட்சம் ரூபா. அதுவும் வேலை முன்னேற முன்னேறக் கட்டங்கட்டமாக. தன் வீட்டைத் தானே கட்டும் உரிமை பெரும் உரிமை. ஆயினும் அந்த உரிமையைக் கையாளும் அறிவை எவர் கொடுத்தார்? படத்தை மேசன் கோடு கீறிக் காட்டினார். முன்விறாந்தையை மைத்துனர் நீட்டச் சொன்னார். அயல்வீட்டாரின் கூரையைவிட நமது கூரை தாழ்ந்திருக்கலாகாது என்று மனம் சொன்னது. அத்திவாரம் இட்டபின்னரே பணம் போதாதென்பது தெரிந்தது. நகை ஈட்டுக்குப் போயிற்று; நுண்கடன் கம்பனி படலையைத் தட்டிற்று. வீடு எழுந்தது, கடனும் எழுந்தது. நன்கொடைத் தொகை போதாமையே முதற்காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் தொகை போதாதபோதுதான் கணக்கு மிகமிகத் தேவைப்படுகிறது. பணம் நிறைந்தவனுக்குக் கேத்திரகணிதம் எதற்கு?

காணியை அளத்தல்

முதலில் காணி. நம் பகுதியில் நிலத்தைப் பரப்பால் அளக்கிறோம். 16 பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பு 10 பேர்ச். சதுர அடியில் 2,722½. செம்மண் தோட்டம் ஏக்கராகக் கிடந்த காலம் போய், சீதனமாகவும் பங்காகவும் பிரிந்து பிரிந்து, இன்று உரும்பிராயிலே இரண்டு பரப்பு வைத்திருப்பவர் காணிக்காரர். நிலம் சிறுக்கச் சிறுக்க அளவின் பிழை பெருக்கிறது. ஏக்கரிலே இரண்டடி போனால் வேலி. பரப்பிலே இரண்டடி போனால் வழக்கு.

நாற்புறமும் அளந்து, எதிர்ப்பக்கங்களின் சராசரிகளைப் பெருக்கிக் காணியின் பரப்பைச் சொல்லும் வழக்கம் ஒன்று உண்டு. மூலைகள் நான்கும் செங்கோணமாயிருந்தால் அது சரி. சரிந்த காணியானால்? ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தெற்கும் வடக்கும் 60 அடி; கிழக்கும் மேற்கும் 50 அடி. ஊர்க் கணக்கில் 3,000 சதுர அடி. ஒரு பரப்புக்கு மேல். இப்போது குறுக்கே ஒரு கயிறு பிடியுங்கள். குறுகிய மூலைவிட்டம் 50 அடி என்று வருகிறது. காணி இரண்டு முக்கோணிகளாகிறது. ஒவ்வொன்றின் பக்கங்களும் 60, 50, 50. இருசமபக்க முக்கோணி. உச்சியிலிருந்து அடியின் நடுவுக்குச் செங்குத்து வரைந்தால் பைதகரசின் தேற்றப்படி உயரம் 40. ஒரு முக்கோணி 1,200 சதுர அடி, இரண்டும் 2,400. ஒரு பரப்புக்கும் குறைவு! பரப்புக்கு மேல் என்று பணம் கொடுத்தவன் பரப்புக்குக் குறைந்த காணியை வாங்கியிருக்கிறான். 600 சதுர அடியை அவனிடமிருந்து எவரும் வேலி அரக்கிக் களவாடவில்லை, அறியாமை களவாடியது. சரியாக அளக்க ஒரு துண்டுக் கயிறே தேவைப்பட்டது.

பிரிவினை வழக்குகளுடன் பழகியவர் எவரும் இதை மிகையென்னார். 'கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும்' என்று உறுதியிலே எழுதிவிடுகிறோம். வழி எத்தனை அடி அகலம், எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கு என்பதைப் படத்தில் காணத் தெரியாதவர்களால், அண்ணன் தம்பி இருவர் பேசித் தீர்த்திருக்கக்கூடிய ஒழுங்கைத் தகராறு பத்தாண்டு நீதிமன்றம் ஏறி இறங்குகிறது. அதனால் என் போன்றோர் பிழைக்கிறோம் என்பதும் உண்மையே.

பலாலி வீதி வழியே வடக்கே செல்லுங்கள். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட மக்களுள் மயிலிட்டியினர் 2017இல் தம் மண்ணை மிதித்தபோது எதைக் கண்டனர்? வேலியில்லை, மதிலில்லை, எல்லைக்கல் இல்லை. பல இடங்களில் வீடிருந்த அடையாளமுமில்லை. கிணற்றைக் கொண்டு காணியை அடையாளங் கண்டவர் உண்டு. 27 ஆண்டுகள் முகாமில் வளர்ந்த தலைமுறைக்கு எஞ்சிய சான்று உறுதியும் படமுமே. படத்தைப் படிக்கத் தெரிந்தவன் அங்கே தன் வாசற்படியைத் தானே கண்டுகொள்வான். தெரியாதவன் பிறர் காட்டிய இடத்தில் நிற்பான். கேத்திரகணிதம் அரசியலா இல்லையா என்பதை அம்மக்களிடம் கேட்டுப் பாருங்கள்.

கிணறும் குழியும்

அடுத்து, பாடத்திட்டத்திலே 'ஒழுக்கு' என்ற தலைப்பு. ஒரு புள்ளியிலிருந்து சமதூரத்திலுள்ள புள்ளிகளின் ஒழுக்கு வட்டமாகும் என்று பிள்ளைகள் எழுதுகின்றனர். கவராயத்தால் ஒரு வட்டம் கீறுகின்றனர். இரண்டு புள்ளி பெறுகின்றனர். அந்தப் புள்ளியைக் கிணறென்று சொல்லிக் கொடுத்தால் என்ன?

நம் குடாநாடு சுண்ணக்கற் பாறைமேல் கிடக்கிறது. வெடிப்பும் குகையும் நிறைந்த அப்பாறையினூடே மேலே இட்டது கீழே போய்ச் சேர்கிறது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவு மீறியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. தோட்டத்து உரமும் மலக்குழியும் அதற்குக் காரணம். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் 50 அடியேனும் வேண்டுமென்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. நமது பாறையில் அதுவும் போதாதென்பர்.

45 அடி அகலமும் 60½ அடி நீளமுமுள்ள காணியை எடுங்கள். சரியாக ஒரு பரப்பு. கிணறு நடுவில் இருக்கிறது. நடுவிலிருந்து மூலைக்கு எவ்வளவு தூரம்? 38 அடிக்கும் குறைவு. 50 அடி வட்டம் காணி முழுவதையும் விழுங்கிவிடுகிறது. குழிக்கு அக்காணியில் ஓரங்குல இடமுமில்லை. கிணற்றை ஒரு மூலைக்குத் தள்ளிப் பாருங்கள். எதிர்மூலையிலே சிறிது இடம் மிஞ்சும். அப்போது அயல்வீட்டுக் கிணற்றின் வட்டம் வேலியைத் தாண்டி வந்து அதையும் கவ்வுகிறது. அயலவர் வட்டம் நமது காணிக்குள், நமது வட்டம் அவர் காணிக்குள். ஒரு வகுப்பிலே 30 பிள்ளைகள் தத்தம் வளவின் படத்தை வரைந்து ஒரே தாளில் ஒட்டினால் உரும்பிராயின் ஒரு குறிச்சி முழுவதும் அத்தாளில் விரியும். பொதுக்கிணறு வேண்டுமா, குழாய்நீர் வேண்டுமா, குழிக்கு அடித்தளம் பூச வேண்டுமா என்ற கேள்விகளைப் பிரதேச சபைத் தேர்தலிலே வேட்பாளரிடம் கேட்கப் போகிறவர்கள் அப்பிள்ளைகளே. இத்தகைய படம் பிரதேச சபையிடமும் இருந்தாற் குற்றமில்லை.

சுவரின் கணக்கு

இனி வீடு. 576 சதுர அடித் தளம் என்று வைத்துக்கொள்வோம். 12 அடிக்கு 48 அடியாகவும் கட்டலாம். 16க்கு 36 ஆகவும் கட்டலாம். 24க்கு 24 ஆகவும் கட்டலாம். தளம் ஒன்றே. சுற்றளவோ முறையே 120, 104, 96 அடி. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் 24 அடிச் சுவர் வேறுபாடு. சுவர் 10 அடி உயரமானால் 240 சதுர அடி. பதினாறங்குல நீளமும் எட்டங்குல உயரமுமுள்ள சீமெந்துக் கல்லால் 270 கல். அதற்குரிய அத்திவாரம், சாந்து, பூச்சு, கூலி யாவும் வேறு. ஓர் அறையும் கூடாமல் இவ்வளவும் செலவு.

நமது மக்களுக்கு மூலைகள் மீது பெருவிருப்பம். முன்னே ஒரு மூலையை வெட்டிவிட்டால் வீடு அழகாகும், செலவும் குறையுமென்று கருதுகின்றனர். 24க்கு 30 அடி வீட்டிலே 12க்கு 12 அடியை வெட்டி எடுங்கள். தளம் 720இலிருந்து 576ஆகக் குறைந்தது. சுவர்? 108 அடியாகவே இருந்தது, 108 அடியாகவே இருக்கிறது! தளத்தில் ஐந்திலொன்றை இழந்தோம். வெளிச்சுவரில் ஓரடியும் மிச்சமில்லை. இதை ஒரு பிள்ளை தானே கயிறு வைத்துக் கண்டுபிடிக்கும்போது அதன் முகத்திலே தோன்றும் வியப்பை எந்த வினாத்தாளும் தரமாட்டாது. உள்மூலையிலே இரண்டு கூரைச் சரிவுகள் சந்தித்து ஒவ்வொரு மாரியிலும் ஒழுகப் போவதை அது பிறகு அறிந்துகொள்ளும்.

96 அடிச் சுவரை வட்டமாக வளைத்தால் 733 சதுர அடி அடங்கும். கேரளத்திலே எளியோர்க்கு வீடு கட்டுவதைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்ட லோறி பேக்கர் (1917–2007) வட்டச் சுவரின் இந்தச் சிக்கனத்தை எடுத்துக் காட்டியதோடு வட்டக் கட்டடங்கள் கட்டியும் காட்டினார். நமது நேர்ச் சீமெந்துக் கல்லை வளைப்பதெப்படி, வட்ட அறையிலே அலுமாரியை எங்கே வைப்பது என்று ஒரு பிள்ளை கேட்கும். கேட்கட்டும். கணக்குச் சொல்வது ஒன்று, கல் சொல்வது வேறு; இரண்டுக்குமிடையே தீர்ப்புச் சொல்வதற்குப் பெயர்தான் திட்டமிடல். அவ்வாறே சதுர வீட்டின் 24 அடி அகலத்துக்குக் குறுக்கே எந்த மரம் போடுவது என்றும் கேட்பார்கள். நல்ல கேள்வி. அதற்கு விடை பின்னர் வருகிறது.

கூரைக்கு வருவோம். நடுமுகட்டிலிருந்து சுவருக்குக் கிடைத்தூரம் 12 அடி. முகட்டை 9 அடி உயர்த்தினால் கைமரம் 15 அடி. 5 அடி உயர்த்தினால் 13 அடி. பைதகரசு இவ்விரண்டையும் முழு எண்ணாகவே தந்துவிட்டார். இறப்பை விட்டுக் கணக்கிட்டால் கூரைப் பரப்பில் 96 சதுர அடி வேறுபாடு. இரு பக்கத்து முக்கோணச் சுவர்களிலும் சேர்த்து மற்றுமொரு 96 சதுர அடி. ஓடு போடுவதானால் சரிவு செங்குத்தாக வேண்டும், தாழ்ந்த சரிவிலே மழைநீர் ஓட்டின் கீழ் ஏறிவிடும். தகடு போடுவதானால் தாழ்ந்த சரிவு போதும், ஆனால் சித்திரை வெயிலுக்கு விடை சொல்ல வேண்டும். விலையையும் வெயிலையும் ஒரே படத்தில் நிறுத்துப் பார்க்கக் கற்ற பிள்ளையை எந்தக் கம்பனியின் வண்ணப் படமும் ஏமாற்றமாட்டாது.

பாதியில் நின்ற வீடுகள்

விலை நிலைத்து நிற்பதில்லை என்பதையும் நமது பிள்ளைகள் அறிய வேண்டும். 2021இன் தொடக்கத்தில் ஆயிரம் ரூபா அளவிலிருந்த சீமெந்துப் பை, நாடு வங்குரோத்தான 2022இல் மூவாயிரத்தை அண்மித்தது. அரசும் நிலைத்து நிற்பதில்லை. 2019இன் இறுதியில் ஆட்சி மாறியபோது வீடமைப்பு அதிகார சபையின் மாதிரிக் கிராம வீடுகளுக்கான தவணைப் பணம் நின்றுபோனது. இருந்த கொட்டிலைப் பிரித்துவிட்டு அத்திவாரமிட்ட குடும்பங்கள் கூரையற்ற சுவர்களுக்கு நடுவே நின்றன. அரசைக் கண்டித்தோம். அது வேண்டியதே. ஆனால் எந்தத் தவணை நின்றாலும் குடியிருக்கத்தக்க வீடு ஒன்றைத் திட்டமிட முடியுமா என்று கேட்டோமா?

முடியும். அதே 24க்கு 24 வீட்டை இரண்டாகப் பிரியுங்கள். முதலில் 12க்கு 24. அதன் ஒரு நீட்சுவரை 10 அடிக்குப் பதிலாக 15 அடி உயர்த்துங்கள். அங்கிருந்து எதிர்ச்சுவருக்கு ஒரே சரிவாகக் கூரை. கைமரம் 13 அடி. ஓர் அறை, ஒரு குசினி, 288 சதுர அடி. பூட்டிப் படுக்கத்தக்க வீடு. இரண்டாம் தவணை வந்தால், அல்லது மகன் உழைக்கத் தொடங்கினால், உயர்ந்த சுவரின் மறுபக்கத்திலே இன்னொரு 12க்கு 24. அதற்கு 48 அடிச் சுவரே புதிதாக வேண்டும். இரண்டு சரிவுகளும் நடுச்சுவரில் கூடி முழு வீட்டின் முகடாகின்றன. சற்றுமுன் 24 அடிக்குக் குறுக்கே எந்த மரம் என்று கேட்டோமல்லவா? நடுச்சுவர் முகட்டைத் தாங்கிவிட்டது. பெருமரம் தேவையேயில்லை, பனஞ்சிலாகை போதும். முகட்டுச் சுவரின் மேல்ஐந்தடிக்கு 120 சதுர அடி கூடுதல் என்பது உண்மை. அதற்குரிய கல்லையும் பெருமரத்தின் விலையையும் பக்கம் பக்கமாக எழுதிப் பார்ப்பது பிள்ளைகளின் வேலை. உரும்பிராய்ச் சந்தியிலுள்ள கடைக்காரர்கள் விலை சொல்ல மறுக்கமாட்டார்கள்.

'பிள்ளைகளை மேசனாக்கவோ?'

இவ்விடத்தில் ஒரு குரல் எழும் என்பதை அறிவேன். எழுந்தே தீரும், ஏனெனில் முன்பும் எழுந்தது. 1930களில் கண்டிப் பகுதியிலே ஹந்தெஸ்ஸயில் கிராமியக் கல்வித் திட்டமொன்று தொடங்கப்பட்டது. அதில் முன்னின்றவர் தமிழரான கே. எஸ். அருள்நந்தி. காந்தியடிகள் 1937இல் வார்தாவிலே ஆதாரக் கல்வியை முன்வைப்பதற்கு முன்னரே எழுந்த முயற்சி அது. 1972இல் வந்த கல்விச் சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடங்களைக் கொண்டுவந்தது. ஊரிலுள்ள தொழில்களை மாணவர் ஆராய்ந்து கற்க வேண்டுமென்றது. 1977இல் ஆட்சி மாறியபின் அவை கைவிடப்பட்டன. இரண்டும் ஏன் வேரூன்றவில்லை? பெரிய கல்லூரிக்குக் கணிதம், சிறிய பள்ளிக்குக் கைவேலை என்று மக்கள் ஐயுற்றனர். ஐயம் பொய்யென்று சொல்லத் துணியேன். ஏழையின் பிள்ளையை ஏழையின் தொழிலுக்குள் பூட்டி வைக்கும் தந்திரமாகக் கைவேலைக் கல்வி பல நாடுகளிற் பயன்பட்டதுண்டு. ஆகவே என் கோரிக்கையில் ஒரு நிபந்தனை இருக்கிறது. யாழ்ப்பாண நகரத்துப் பெருங்கல்லூரிகளில் இது முதலில் தொடங்கட்டும். பொறியியற் பீடத்துக்குப் போகப் போகும் பிள்ளை கயிறு பிடிக்கட்டும். பின்னர் கிராமத்துக்கு வரட்டும்.

இரண்டாவது குரல் உரக்கப் பேசாது, உள்ளுக்குள் முணுமுணுக்கும். கல் அடுக்குவதும் மரம் இழைப்பதும் 'இன்னார்' தொழில் என்னும் சாதி நோயின் குரல் அது. 1930ஆம் ஆண்டளவில் பாடசாலைகளிலே சம ஆசனம் என்ற விதி வந்தபோது, அதைப் பொறாது பாடசாலைகளையே எரித்தவர் வாழ்ந்த மண் இது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. சட்டம் கதவைத் திறந்தது, மனத்தைத் திறக்கவில்லை. மேசன் ஒருவரையும் ஓடாவியார் ஒருவரையும் வகுப்புக்கு அழைத்து, ஆசிரியருக்குப் பக்கத்திலே கதிரை போட்டு அமர்த்தி, அத்திவாரத்துக்கு மூலை பிடிப்பதெப்படி என்று பிள்ளைகள் கேட்கட்டும். அவர் கயிற்றிலே 3, 4, 5 என்று முடிச்சிட்டுச் செங்கோணம் எடுப்பார். நான்கு மூலையும் நட்டபின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து, சமமானாற் சரி என்பார். ஏன் சரி? அதற்கு அவரிடம் அனுபவம் விடையாக இருக்கிறது. நிறுவல் பிள்ளையிடம் இருக்கிறது. எதிர்ப்பக்கங்கள் சமமான நாற்பக்கல் இணைகரம். மூலைவிட்டங்களும் சமமானால் அடுத்தடுத்த இரு முக்கோணிகள் மூன்று பக்கங்களாலும் ஒருங்கிசைவன. எனவே அடுத்துள்ள இரு கோணங்களும் சமம். அவற்றின் கூட்டுத்தொகை 180 பாகை. ஆகவே ஒவ்வொன்றும் 90. அவர் செய்வதைப் பிள்ளை நிறுவுகிறது; பிள்ளை நிறுவியதை அவர் மண்ணில் நட்டுக் காட்டுகிறார். நிறுவல் அழிந்துவிடும், யூக்ளிட்டின் கட்டுக்கோப்புச் சிதறிவிடும் என்று அஞ்சும் கணித ஆசிரியர்களுக்கு வேறு விடை வேண்டுமா? ஏன் என்ற கேள்வி எழாத இடத்திலேதான் நிறுவல் மனப்பாடமாகிச் சாகிறது.

நாம் கணிதத்தை மதியாத சமூகமல்ல. 1823இல் வட்டுக்கோட்டையிலே செமினரி எழுந்த நாள்தொட்டு அது நமது பெருமை. 1971 முதல் தரப்படுத்தல் வந்தபோது நம் இளைஞர் வீதிக்கு வந்தனர்; அவர்கள் கேட்டது நியாயம். ஆனால் புள்ளிக்காகப் போராடிய நாம், அப்புள்ளி எந்த அறிவுக்கு அளவுகோல் என்று அன்றும் கேட்கவில்லை, அரை நூற்றாண்டு கழிந்தும் கேட்கவில்லை. தனியார் கல்வி நிலையங்களின் விளம்பரத் தட்டிகளிலே 'ஏ' சித்திகள் எண்ணப்படுகின்றன. அவற்றுள் ஒன்றைப் பெற்ற பிள்ளையின் வீட்டுக்கு ஒப்பந்தகாரர் கொடுத்த செலவு மதிப்பீடு, எவரும் சரிபாராமலே கையொப்பமிடப்படுகிறது.

காலம் எங்கே, பாடத்திட்டம் முடியவேண்டாமா என்பார்க்குச் சுருக்கமாகச் சொல்வேன்: கிழமைக்கு இரண்டு பாடவேளை. அளவிடைப் படம், சுற்றளவு, பரப்பளவு, கனவளவு, பைதகரசு, ஒழுக்கு, ஒருங்கிசைவு, சதவீதம் யாவும் இதற்குள் அடங்குகின்றன. ஆசிரியரைப் பயிற்றுவதற்கு நெடுந்தூரம் போக வேண்டியதுமில்லை. தேசிய கல்வியியற் கல்லூரியும் ஆசிரியர் கலாசாலையும் பக்கத்துக் கோப்பாயிலேயே உள்ளன. ஆண்டிறுதியில் வலிகாமம் கிழக்குப் பிரதேச சபையின் தொழினுட்ப உத்தியோகத்தர் ஒருநாள் வந்து, 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி இந்தப் படத்தை ஏற்பேன், இதை மறுப்பேன், மறுப்பதற்குக் காரணம் இது என்று பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். சபையிலே படம் ஏன் மாதக்கணக்கிற் கிடக்கிறது என்பதையும் பிள்ளைகள் அவரிடமே கேட்டறியலாம்.

தொடங்குவதற்குச் சுற்றறிக்கை எதற்கும் காத்திருக்க வேண்டாம். பாடசாலைக் காணியின் நில அளவைப் படம் அதிபரின் அலுமாரியில் எங்கேனும் இருக்கும். முதற்கிழமை அதை எடுத்துப் பிள்ளைகளின் கையிற் கொடுத்து, வேலி படத்தோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்து வரச் சொல்லுங்கள். அதற்கு இரண்டு அளவு நாடாவும் ஒரு சுருள் கயிறும் போதும்.